பதினேழாம் எண் இரத்தம்

"ஜெனட்டு இதுவரைக்கும் ஒரு ஆளையாவது குணப்படுத்தியிருக்கா?"

ஈப்போ நகரத்துப் புந்தோங்கில் எங்கள் அடுக்குமாடி வீடுகளுக்குக் கீழே சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் உடையப்பன் அண்ணன், தே தாரேக் தேநீரை ஆற்றிக்கொண்டே இப்படிக் கேட்டார். பல்கலைக்கழகத்துக்கு முந்திய எஸ்.டி.பி.எம். தேர்வு முடிவு வந்து, அடுத்து என்ன அடுத்து என்ன என்று எல்லாரும் துளைத்துக்கொண்டிருந்த நேரம் அது. எங்கள் அடுக்குமாடியில் வளர்ந்த ஜெனட் மாதிரி புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் போகலாம் என்று இருக்கிறேன் என்று நான் சொன்னதற்குத்தான் அந்தக் கேள்வி. அவர் கேலியாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டார். அதனால்தான் அது முள்ளாகத் தைத்தது. பிறகு ஜெனட்டிடமும், அவருடைய அம்மாவிடமும், நவமணி என்ற பெண்மணியிடமும் பல நாள் உட்கார்ந்து பேசினேன். எழுதலாம் என்று மூவரும் சொன்ன பிறகு, நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

ஜெனட் பிறந்தது சுங்கை சிப்புட்டுக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்தில். அப்பா ஸ்டானிஸ்லாஸ் புகைக் கொட்டகையில் வேலை செய்தார். அம்மா பெட்ரீசியா மரம் வெட்டினார், அதாவது பட்டையைக் கீறிப் பால் எடுத்தார். ஜெனட்டுக்குப் பத்து வயதானபோது தோட்டம் கைமாறியது. ரப்பர் மரங்களைச் சாய்த்துவிட்டு எண்ணெய்க்காகச் செம்பனை நட்டார்கள். தொழிலாளர்களின் லயன் வீடுகளைக் காலி செய்யச் சொன்னார்கள். குடும்பம் ஈப்போவுக்கு வந்து, புந்தோங் அடுக்குமாடியில் நான்காவது மாடியில் குடியேறியது. தோட்டத்து வாழ்க்கையை நினைத்து ஜெனட் ஏங்கியதே இல்லை. அட்டைக்கடியும் பொதுக் கழிப்பறையும்தான் தமக்கு ஞாபகம் இருப்பதாகச் சொல்லிச் சிரிப்பார்.

சின்ன வயதிலிருந்தே அவருக்குக் கால் ஓரிடத்தில் தரிக்காது. தட்டைக் கையில் ஏந்தி நடந்துகொண்டேதான் சாப்பிடுவார். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடியும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருப்பது அவருக்குத் தண்டனை. படிக்கும்போதும் அப்படித்தான். நான்காவது மாடி நடைபாதையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாகப் புத்தகத்தோடு நடப்பார், தனக்குத்தானே பேசிக்கொள்வார். சித்தப்பா மகன் கோலின் அதைப் பார்த்துவிட்டு, இப்படியே போனால் தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனையில் ஒரு கட்டில் பதிந்து வைக்க வேண்டியதுதான் என்று வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லி வைத்தான்.

நடந்து நடந்து படித்தது வீண்போகவில்லை. தேர்வில் நல்ல புள்ளிகள். ஜெனட் மருத்துவப் படிப்புக்கு விண்ணப்பித்தார். கிடைக்கவில்லை. மேல்முறையீட்டுக் கடிதம் எழுதினார்; அதற்கும் அதே பதில்தான். வெளிமாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றில் உயிர்மருத்துவ அறிவியல் என்று இடம் ஒதுக்கியிருந்தார்கள். அது என்ன படிப்பு என்றே அவருக்குத் தெரியவில்லை. வகுப்பு தொடங்கும்வரை தைப்பிங்கில் ஒரு தனியார் கிளினிக்கில் பதிவு மேசையில் உட்கார்ந்தார். வெளியே ஓயாத மழை, உள்ளே ஓயாத இருமல். டாக்டரின் அறைக் கதவு திறந்து மூடும்போதெல்லாம் வயிறு எரிந்தது என்று என்னிடம் ஒளிக்காமல் சொன்னார். அந்த எரிச்சலோடுதான் பல்கலைக்கழகத்துக்குப் போனார்.

இரண்டு வருடம் அங்கே மனம் ஒட்டவில்லை. மூன்றாம் வருடம் ஒரு விரிவுரையில், நுண்ணோக்கி வழியாகப் பிடித்த ஒரு படத்தைப் போட்டுக் காட்டினார்கள். நம் இரத்தத்தில் காவல் வேலை பார்க்கும் டி-செல் ஒன்று ஊர்ந்து போகிறது. ஒரு செல்லைத் தொட்டுப் பார்க்கிறது, விடுகிறது. அடுத்ததைத் தொடுகிறது, விடுகிறது. ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. கடைசியில் ஒரு புற்றுநோய்ச் செல்மீது போய் ஒட்டிக்கொள்கிறது. கொஞ்ச நேரத்தில் அந்தச் செல் வெடித்துச் சிதறுகிறது. டி-செல் அங்கேயும் நிற்காமல் அடுத்ததைத் தேடிப் போய்விட்டது. ஜெனட் அந்தப் படத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டு வாங்கிப் பார்த்தார். உட்காரத் தெரியாத அந்தச் சின்ன உயிரோடு தமக்கு ஏதோ சொந்தம் இருப்பதுபோல் இருந்தது. அதற்குப் பிறகு அவர் மருத்துவக் கல்லூரிப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

முனைவர் பட்டம் முடித்து, ஒரு குளிர்நாட்டில் நான்கு வருடம் ஆய்வு செய்தார். அங்கே ஒருநாள் கருத்தரங்கில் வாய்ப் புற்றுநோய் வந்த ஒரு பெண்ணின் படத்தைக் காட்டினார்கள். வெற்றிலைச் சாறு ஊறிய பற்கள். முகத்தை மறைத்திருந்தார்கள். ஆனால் அந்தப் பற்களை ஜெனட், காலையில் பேர் பதியும் பெரட்டுக் களத்திலும் லயன் வாசலிலும் பார்த்திருக்கிறார். வெற்றிலையோடு புகையிலையும் அடக்கிக்கொண்டு மரம் வெட்டப் போன பெண்களில் எத்தனையோ பேருக்கு இந்த நோய் வந்திருக்கிறது. அடுத்த வருடமே ஈப்போவுக்குத் திரும்பி, ஒரு சிறிய ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார்.

ஊரில் அவரை டாக்டர் என்றார்கள். அந்தப் பட்டத்தைப் பார்த்து முதலில் வந்து நின்றவன் கோலின். திங்கட்கிழமைக்கு ஒரு எம்சி, மருத்துவ விடுப்புச் சீட்டு, வேண்டுமாம். தம்மால் எம்சி கொடுக்க முடியாது, தாம் அந்த டாக்டர் இல்லை என்று ஜெனட் விளக்கினார்.

"ஊசியும் போட மாட்டே, எம்சியும் குடுக்க மாட்டே. அப்புறம் என்னா டாக்டர்லா நீ?"

அந்தப் பேச்சு அடுக்குமாடி முழுக்கப் பரவியது. ஜெனட்டும் சிரித்துக்கொண்டார். ஆனால் தம்முடைய ஆய்வு ஒரு ஆளின் படுக்கைவரை போய்ச் சேருமா என்ற அரிப்பு அவருக்கு அப்போதே தொடங்கிவிட்டது.

அதற்கு வழி திறந்தது புற்றுநோய் மருத்துவர் ஜெயபாலன் தொடங்கிய மருந்துச் சோதனை. அறுவைச் சிகிச்சையும் கதிர்ச் சிகிச்சையும் முடிந்த பிறகு வாய்ப் புற்றுநோய் திரும்பி வந்த இருபத்திரண்டு பேருக்கு, மூன்று வாரத்துக்கு ஒருமுறை இரத்தக்குழாய் வழியாக ஒரு மருந்து ஏற்றுவார்கள். அந்த மருந்து நேராகப் புற்றுநோயைத் தாக்காது. ஜெனட் அதை எனக்கு இப்படி விளக்கினார்: உடம்பு ஒரு தோட்டம் என்றால் டி-செல் அங்கே நிற்கும் ஜாகா, காவல்காரன். புற்றுநோய் அவனிடம் ஒரு பொய்ச் சீட்டைக் காட்டி, நானும் இந்த லயத்து ஆள்தான் என்கிறது. அவன் தடியைக் கீழே போட்டுவிடுகிறான். மருந்து செய்வதெல்லாம் அந்தச் சீட்டை அவன் கண்ணில் படாமல் மறைப்பதுதான். அதற்குப் பிறகு அடிக்க வேண்டியது அவன் வேலை.

அந்தக் காவல்காரர்கள் விழித்துக்கொண்டார்களா என்று பார்ப்பது ஜெனட்டின் வேலை. ஒவ்வொரு முறை மருந்து ஏற்றும் முன்பும் எடுத்த இரத்தம் அவருடைய ஆய்வுக்கூடத்துக்கு வரும். செல்களை ஒவ்வொன்றாக ஒளிக்கற்றைக்கு முன்னால் ஓடவிட்டு எண்ணும் கருவி ஒன்று அங்கே இருக்கிறது. குழாய்மீது பெயர் இருக்காது. எண் மட்டும்தான். யாருடைய இரத்தம் என்று எண்ணுகிறவருக்குத் தெரியக் கூடாது என்பது விதி. தெரிந்தால் ஆசை கணக்கைக் கெடுத்துவிடும்.

பதினேழாம் எண் அவரைத் தூங்கவிடவில்லை. மற்றவர்களில் பாதிப் பேருக்காவது டி-செல்கள் கொஞ்சம் அசைந்து கொடுத்தன. பதினேழுக்கோ ஒவ்வொரு முறையும் குறைந்துகொண்டே போயின. மிச்சம் இருந்தவையும் அடித்துப் போட்டதுபோல் கிடந்தன. கருவியில் கோளாறா என்று இரண்டு முறை கழுவி ஓட்டினார். குழாயைக் குலுக்கியதில் தவறா என்று பார்த்தார். ஆய்வுக்கூடத்தில் கூட வேலை செய்யும் விமலாவை எண்ணச் சொன்னார். அவர் எண்ணியபோதும் அதேதான். நடைபாதையில் நடந்தார். படிக்கட்டில் இறங்கி ஏறினார். இப்படி ஒரு வடிவத்தை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று நடந்துகொண்டே இருந்தார். மூன்றாம் நாள் ஞாபகம் வந்தது. ஸ்டீராய்டு. அதிக நாள் ஸ்டீராய்டு எடுப்பவர்களின் இரத்தம்தான் இப்படி இருக்கும். பொய்ச் சீட்டை மறைத்து என்ன பயன்? ஸ்டீராய்டு காவல்காரனையே மயக்கிப் படுக்க வைத்துவிடுமே.

டாக்டர் ஜெயபாலனிடம் ஓடினார். அவர் கோப்பைப் புரட்டிப் பார்த்து, அந்த நோயாளிக்கு யாரும் ஸ்டீராய்டு கொடுக்கவில்லை, வேறு மருந்து எதுவும் சாப்பிடுவதில்லை என்று நோயாளியே கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்றார். எதற்கும் அடுத்த முறை வரும்போது இன்னொரு தடவை கேட்டுப் பார்ப்பதாகச் சொன்னார். அதோடு இன்னொன்றும் சொன்னார். இரண்டு வாரத்தில் நான்காவது மருந்துக்குப் பிறகான பரிசீலனை வருகிறது. மருந்து வேலை செய்யாதவர்களுக்கு அதோடு நிறுத்திவிடுவார்கள். பதினேழாம் எண் அந்தப் பட்டியலில் இருக்கிறது. அவருக்குக் கொடுக்க வேறு மருந்து கிடையாது.

பெயர் தெரியாத ஒருவருக்கு இரண்டு வாரம் என்று நாள் குறித்தாகிவிட்டது. காரணம் தமக்குத் தெரிந்தும் கைக்கு அகப்படவில்லை. அந்த வாரம் முழுக்க ஜெனட் ஒரு வேலையையும் முடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அம்மா வீட்டுக்குச் சாப்பிடப் போனார். பெட்ரீசியா மீன் பொரித்துக்கொண்டிருந்தார். அப்போது நவமணி வந்தார். பழைய தோட்டத்தில் பெட்ரீசியாவுக்கு அடுத்த நிரையில் மரம் வெட்டியவர். இப்போது அதே அடுக்குமாடியில் தரைத்தளத்தில் மகளோடு இருக்கிறார். இரண்டு வருடத்துக்கு முன் கன்னத்தின் உட்புறத்தில் புற்றுநோய் வந்து அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர். அது கழுத்தில் திரும்ப வந்திருப்பதும், ஏதோ ஊசி போட்டுக்கொள்வதும் ஜெனட்டுக்குத் தெரியும். எந்த ஊசி என்று அவர் கேட்டதில்லை. எந்த நோயாளியையும் தாம் அறியக் கூடாது என்பதால், கேட்காமல் இருப்பதே சரி என்று நினைத்திருந்தார்.

"பாத்தியா ஜெனட்டு, நாலு மாடி ஒரே மூச்சுல ஏறிட்டேன். அக்காவா இருந்தா ரெண்டாவது மாடியில நின்னு மாதாவைக் கூப்பிட்டுக்கிட்டு இருக்கும்."

"வாயில புண்ணுன்னு ஆஸ்பத்திரிக்குப் போறா. பேச்சு ஒரு சொட்டு குறைஞ்சிருக்கா பாரு" என்றார் அடுப்படியிலிருந்து பெட்ரீசியா.

நவமணி சிரித்தார். அந்தச் சிரிப்பில்தான் ஜெனட் அவருடைய முகத்தைச் சரியாகப் பார்த்தார். மூன்று மாதத்துக்கு முன் ஒட்டிப் போயிருந்த கன்னம் இப்போது உருண்டு பளபளத்தது. முகம் தேறிவிட்டது என்று எல்லாரும் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தார்கள். ஆனால் கைகள் குச்சியாக இருந்தன. முழங்கைக்குக் கீழே அங்கங்கே கன்றிப்போன நீலம். நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுப்பவர்களின் உடம்பு இப்படித்தான் ஆகும்.

அத்தனை நாள் படுத்திய முழங்கால் வலி எப்படிப் போயிற்று என்று ஜெனட் கேட்டார்.

"நீ வாங்கிட்டு வர்ற மாத்திரைதான்லா. காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. அக்காவுக்கு மழை நாள்ல மட்டும் ஒண்ணு போதும். மிச்சமெல்லாம் எனக்குத்தான்."

அலமாரியில் இருந்தது அந்த டப்பா. வேரும் இலையும் வரைந்த பச்சை நிறத் தாள் ஒட்டிய டப்பா. பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில், மூலிகை மருந்து விற்கும் ஒரு ஜாமுக் கடையில் மாதம் தவறாமல் ஜெனட்தான் வாங்கி வருவார். முப்பது வருடம் மேடும் பள்ளமும் ஏறி இறங்கி மரம் வெட்டிய பெண்களில் முழங்கால் நல்லபடியாக இருப்பவர் யாரும் இல்லை. அம்மா கேட்டார், மகள் வாங்கி வந்தார். இத்தனை வருடம் நோயெதிர்ப்புச் செல்களைப் படித்தவர், அந்தத் தாளை ஒருமுறைகூடத் திருப்பிப் படித்ததில்லை. ஒருவர் எப்போதாவது ஒன்று போட்டால் மாதத்துக்கு ஒரு டப்பா எப்படித் தீரும் என்றும் யோசித்ததில்லை. வேர்தானே, இலைதானே. அம்மாவுக்கு வாங்குகிற வெற்றிலைபோல, தைலம்போல அதுவும் ஒன்று.

ஆஸ்பத்திரியில் இதைச் சொன்னீர்களா என்று கேட்டார்.

"எதுக்குச் சொல்லணும்? மருந்து என்ன சாப்பிடறீங்கன்னு கேட்டாங்க. மருந்துன்னா அவங்க குடுக்கிறது. இது நம்ம பிள்ளை வாங்கிட்டு வந்தது."

எந்த டாக்டர் என்று கேட்கத் தேவை இருக்கவில்லை. நவமணியே சொல்லிவிட்டார்: ஜெயபாலன் டாக்டர், மூன்று வாரத்துக்கு ஒருமுறை, இதுவரை நான்கு தடவை. பதினேழாம் எண் யார் என்று ஜெனட்டுக்குத் தெரிந்துவிட்டது.

ஜெனட் டப்பாவை எடுத்துப் பைக்குள் போட்டார். நவமணி வீட்டில் வைத்திருந்ததையும் கீழே போய் வாங்கிக்கொண்டார். இனிமேல் ஒன்றுகூடத் தொடக் கூடாது என்றார். ஏன் என்று இருவரும் கேட்டதற்குப் பிறகு சொல்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு, பொரித்த மீனைத் தொடாமல் காரை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

செய்ய வேண்டியது என்ன என்று இப்போது எழுதும்போது எல்லாருக்கும் தெரிகிறது. அப்போதே டாக்டர் ஜெயபாலனைக் கூப்பிட்டிருக்க வேண்டும். ஜெனட் கூப்பிடவில்லை. ஆதாரம் இல்லாமல் பேசக் கூடாது என்பது ஆய்வுக்கூடத்துப் பழக்கம். திங்கட்கிழமை அந்த மாத்திரைகளை வேதியியல் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தார். காரணம் அது மட்டும் இல்லை என்று அவரே என்னிடம் சொன்னார். வாங்கிக் கொடுத்த கை தம்முடையது. அதை வாய்விட்டுச் சொல்ல இரண்டு நாள் தள்ளிப்போனால் நல்லது என்று மனசின் ஒரு மூலை கெஞ்சியது. திங்கள் நடந்தார், செவ்வாய் நடந்தார். தொலைபேசியை எடுத்தார், வைத்தார்.

புதன்கிழமை காலை அம்மா கூப்பிட்டார். நவமணி இரண்டு நாளாக வாந்தி எடுக்கிறாராம். இப்போது குளியலறை வாசலில் விழுந்து கிடக்கிறார். கண்ணைத் திறக்கிறார், பேச்சு வரவில்லை.

அந்த நொடியில்தான் ஜெனட்டுக்கு மற்றது உறைத்தது. ஸ்டீராய்டு போன்ற ஒன்றை நம் உடம்பே தினமும் சுரக்கிறது. வெளியிலிருந்து நீண்ட நாள் வந்துகொண்டே இருந்தால், உடம்பு தன் வேலையை நிறுத்திவிடும். அப்புறம் திடீரென்று வெளியிலிருந்து வருவதும் நின்றால் இரண்டுமே இல்லை. இரத்த அழுத்தம் விழுந்து ஆளே போய்விடலாம். மெல்ல மெல்லத்தான் குறைக்க வேண்டும். இதை அவர் புத்தகத்தில் படித்திருக்கிறார், தேர்வில் எழுதியும் இருக்கிறார். டப்பாவைப் பிடுங்கிக்கொண்டு ஓடிய அந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும் நினைவுக்கு வரவில்லை.

ஆம்புலன்ஸ் வருவதற்குள் டாக்டர் ஜெயபாலனைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் கொட்டினார். டப்பா, முகம், நீலம், ஞாயிற்றுக்கிழமை, யார் வாங்கினார்கள் என்பது வரை. அவர் உடனே அவசரப் பிரிவுக்குத் தகவல் சொல்லி, நவமணி போய்ச் சேர்ந்த கையோடு ஸ்டீராய்டு ஊசி போட ஏற்பாடு செய்தார். மதியத்துக்குள் நவமணியின் இரத்த அழுத்தம் ஏறியது. சாயங்காலம் கஞ்சி கேட்டார்.

வார்டுக்கு வெளியே ஜெனட் நடந்துகொண்டிருந்த இடத்துக்கு டாக்டர் வந்தார்.

"செல்லைப் பத்தி உங்களுக்கு என்னைவிட அதிகம் தெரியும், ஜெனட். ஆளைப் பத்தின்னா ஞாயித்துக்கிழமையே எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கணும்."

ஜெனட் தலையாட்டினார். அன்றுதான் வெகு நாளைக்குப் பிறகு அவர் ஒரு நாற்காலியில் அரைமணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தார் என்று பெட்ரீசியா சொன்னார்.

மாத்திரையில் ஸ்டீராய்டு கலந்திருந்தது என்று பரிசோதனை முடிவு உறுதியாகச் சொன்னது. வேர், இலை என்று எழுதியிருந்த தாளில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. மீதி மாத்திரைகளை அதிகாரிகளிடம் ஒப்படைத்தார்கள். அதற்கு மேல் மருந்துச் சோதனைக் குழுவுக்கு ஓர் அறிக்கை போக வேண்டும். அதில் அந்த மாத்திரை எப்படிக் கிடைத்தது என்று ஒரு கட்டம். பாசார் மாலாமில் வாங்கியது என்று எழுதினாலே போதும், அதுவும் உண்மைதான். ஜெனட் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஆய்வுக்கூடத்தை எத்தனை சுற்றுச் சுற்றினார் என்று விமலா எண்ணிக்கொண்டிருந்தாராம்; பதினொன்றோடு விட்டுவிட்டாராம். கடைசியில், பாசார் மாலாமில் வாங்கித் தந்தது இந்தச் சோதனையில் இரத்தம் எண்ணும் நான்தான், அறிந்த பிறகு மூன்று நாள் தெரிவிக்காமல் இருந்ததும் நான்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

பெட்ரீசியாவுக்கு அது பொறுக்கவில்லை. "நான் கேட்டேன், நீ வாங்கிட்டு வந்தே. நான்தான் அவளுக்குக் குடுத்தேன். உன் பேரை எதுக்குலா எழுதினே?" என்று இரண்டு நாள் மகளோடு பேசவில்லை.

குழு இரண்டு முடிவு சொன்னது. விசாரணை முடியும்வரை ஜெனட் இந்தச் சோதனையின் இரத்தத்தைத் தொடக் கூடாது, விமலா பார்த்துக்கொள்வார். இரண்டாவது, பதினேழாம் எண் விதியை மீறிவிட்டதால் சோதனையிலிருந்து நீக்கப்படுகிறது.

முதலாவதை ஜெனட் எதிர்பார்த்திருந்தார். இரண்டாவதுதான் அவரை உலுக்கியது. சோதனையிலிருந்து நீக்கினால் மருந்தும் நின்றுவிடும். உண்மையை எழுதிக் கொடுத்ததால் நவமணியின் கடைசி மருந்தைத் தாமே நிறுத்திவிட்டோமா? டாக்டர் ஜெயபாலன் மருந்து தருகிற நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். இந்தப் பெண்மணிக்கு மருந்து வேலை செய்யவில்லை என்று சொல்ல முடியாது, அது வேலை செய்ய இதுவரை இடமே கிடைக்கவில்லை, சோதனைக்கு வெளியே வைத்தாவது கொடுங்கள் என்று கேட்டார். அந்த வாதத்துக்கு ஆதாரம் ஜெனட் ஒவ்வொரு முறையும் எண்ணி வைத்திருந்த பதினேழாம் எண் கணக்குதான். பதில் வர ஐந்து வாரம் ஆனது.

அந்த ஐந்து வாரமும் டாக்டரின் கண்காணிப்பில் நவமணியின் ஸ்டீராய்டைத் துளித்துளியாகக் குறைத்தார்கள். குறையக் குறைய முழங்கால் வலி பழையபடி திரும்பி வந்தது. நான்கு மாடி ஏறியவர் கட்டிலிலிருந்து எழ மகளின் தோளைப் பிடித்தார். ஜெனட் பார்க்கப் போனால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒருநாள் மட்டும் பேசினார்.

"என் காலை எடுத்துக்கிட்டு வாயைக் குடுக்கப் போறியா? குடுப்பேன்னு உன்னால சொல்ல முடியுமா?"

முடியாது என்றார் ஜெனட். மருந்து திரும்பக் கிடைக்குமா என்பது தெரியாது. கிடைத்தாலும் கேட்குமா என்பது தெரியாது. தெரிந்தது ஒன்றுதான்: அந்த மாத்திரை உள்ளே இருக்கும்வரை அது கேட்கவே கேட்காது. வாங்கி வந்தது தம் தவறு என்பதையும், பிடுங்கிக்கொண்டு ஓடியது அதைவிடப் பெரிய தவறு என்பதையும் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து சொன்னார். நவமணி போர்வையை முட்டிக்கு மேலே இழுத்துவிட்டார். பிறகு, வந்ததுதான் வந்தாய், அந்தத் தைலத்தை எடுத்து முட்டியில் தேய்த்துவிட்டுப் போ என்றார். அந்தத் தைலப் புட்டியின் தாளை ஜெனட் இரண்டு முறை படித்துவிட்டுத்தான் திறந்தார். அதைப் பார்த்து நவமணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

கடிதத்துக்குச் சம்மதம் என்று பதில் வந்தது. ஸ்டீராய்டு டாக்டர் சொன்ன அளவுக்குக் கீழே இறங்கிய பிறகு மருந்தை மறுபடியும் ஏற்றத் தொடங்கினார்கள். இரண்டாவது முறைக்குப் பிறகு, நவமணியின் சம்மதத்தோடு விமலா அவருடைய இரத்தத்தை எண்ணினார். டி-செல்களின் எண்ணிக்கை ஏறியிருந்தது, அவை விழித்திருந்தன. விமலா திரையைத் திருப்பிக் காட்டியபோது ஜெனட் எழுந்து வெளியே போய்விட்டார். ஓர் எண்ணிக்கை ஏறியதை வைத்து ஆளைப் பற்றிச் சொல்லக் கூடாது என்று இந்த முறை அவருக்குத் தெரிந்திருந்தது. நான்கு மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் கழுத்துக் கட்டி மூன்றில் ஒரு பங்கு சுருங்கியிருந்தது. போய்விடவில்லை. சுருங்கியிருந்தது.

இது நடந்து ஒன்றரை வருடம் ஆகிறது. நவமணி இன்னும் மூன்று வாரத்துக்கு ஒருமுறை போய் மருந்து ஏற்றிக்கொள்கிறார். கட்டி அதற்கு மேல் வளரவில்லை. கால் மட்டும் சரியாகவில்லை; ஊன்றுகோலோடு தரைத்தளத்துக்குள்ளேயே நடக்கிறார். மாடிக்குப் போகத் தோன்றினால் கீழே நின்று பெட்ரீசியாவைக் கூவி அழைக்கிறார். மூன்று மாத விசாரணைக்குப் பிறகு ஜெனட் அந்தச் சோதனை வேலைக்குத் திரும்பினார். முதல் காரியமாக, சோதனையில் இருந்த மற்ற இருபத்தொரு பேருக்கும் டாக்டர் வழியாக ஒரு சேதி அனுப்பச் சொன்னார்: மருந்து என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்க வேண்டாம், வீட்டில் தண்ணீரைத் தவிர விழுங்குவது எதுவாக இருந்தாலும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவரச் சொல்லுங்கள். பைகள் வந்தன. கஷாயப் பொடி, சத்து மாத்திரை, இருமல் மிட்டாய், கோயிலில் கொடுத்த விபூதிப் பொட்டலம் எல்லாம் வந்தன. மூன்று பைகளில் பெயர் வேறு வேறாக, உள்ளே ஸ்டீராய்டு கலந்த மாத்திரைகள் இருந்தன. மூவருக்கும் வாங்கிக் கொடுத்தவர்கள் பிள்ளைகள். இப்போது அங்கே புதிதாக வருகிற ஒவ்வொருவரிடமும் முதலில் பையைத்தான் கேட்கிறார்கள். உடையப்பன் அண்ணனின் கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதில் இவ்வளவுதான்.

இதைப் படித்தவர்கள் ஒன்று செய்யுங்கள். உங்கள் அம்மாவோ அப்பாவோ பக்கத்து வீட்டு அக்காவோ முழங்கால் வலிக்கென்று ஏதாவது ஒரு டப்பா வைத்திருப்பார்கள். அதை வாங்கிக் கொடுத்தவர் நீங்களாகவே இருக்கலாம். அதைப் பிடுங்கி எறிந்துவிடாதீர்கள்; நீங்களாக நிறுத்தவும் சொல்லாதீர்கள். டப்பாவோடு அவரையும் கூட்டிக்கொண்டு ஒரு டாக்டரிடம் போங்கள். போய் வந்த பிறகு இந்தக் கதையை இன்னும் ஒருவருக்குச் சொல்லுங்கள். தமிழ் படிக்கத் தெரியாதவராக இருந்தால், உட்கார்ந்து வாசித்துக் காட்டுங்கள்.